மலையூருக்கு சோலாரும் டீசலும்: எதை எதோடு இணைப்பது?

கேள்வி: "வணக்கமுங்க. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலைக்குள்ளே இருக்குதுங்க எங்க ஊரு. 40 வீடு. கரண்டுக் கம்பி இன்னும் வரலீங்க. 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒண்ணு வெச்சு சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் ஓட்டறோம், தினம் 8 லிட்டர் குடிக்குது. இப்போ சோலார் போடப் பணம் கெடைச்சிருக்குது. ஒருத்தரு, 'பேட்டரியே வேண்டாம், ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை ஜெனரேட்டரோட சேர்த்துட்டா டீசல் பாதியாயிரும்'ங்கறாரு. இன்னொருத்தரு, 'ஜெனரேட்டரை வித்துப்போட்டு பெரிய பேட்டரியாப் போடுங்க'ங்கறாரு. எதைக் கேக்கறதுங்க?"

பதில்: ரெண்டும் வேண்டாமுங்க. ஜெனரேட்டரை விற்காதீர்கள். ஆனால் இனி ஊர் மின்சாரத்தை அது நடத்தக் கூடாது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் நடத்தட்டும், கூப்பிட்டால் மட்டும் ஜெனரேட்டர் வந்து உதவட்டும்.

ஏன் என்பது உங்கள் சைலன்சரிலேயே தெரியும். ஜெனரேட்டரை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு, சைலன்சர் வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கறுப்பாக, டீசல் வாடையோடு ஒட்டும். "ஆயில் அடிக்குது" என்று மெக்கானிக் சொல்வார். பெரும்பாலும் அது எரியாமல் போன டீசலும் கரியும்தான். 15 கேவிஏ என்றால் கிட்டத்தட்ட 12 கிலோவாட் தரக்கூடிய இயந்திரம். 40 வீட்டு பல்பும் டிவியும் சேர்ந்தால் 3 கிலோவாட். தன் முழுத் திறனில் முப்பது சதவீதத்துக்கும் கீழே தொடர்ந்து ஓடும் டீசல் இன்ஜின் போதுமான சூடு ஏறாமல், டீசலை முழுதாக எரிக்காமல், தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்.

செலவையும் பாருங்கள். 4 மணி நேரத்தில் 12 யூனிட், அதற்கு 8 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே யூனிட் 60 ரூபாய் ஆகிறது! அதே இன்ஜினை முக்கால் லோடில் ஓட்டினால் லிட்டருக்கு 3 யூனிட்டாவது கிடைக்கும், விலை பாதியாகிவிடும்.

முதலாமவர் யோசனை தப்பான யோசனை அல்ல, தப்பான இடத்துக்குச் சொல்லப்பட்டது. 2012 மின்வெட்டுக் காலத்தில் நம் திருப்பூர், கோவை மில்கள் பகல் முழுக்க ஜெனரேட்டரில் ஓடின. அப்படிப் பகலில் பெரிய லோடு உள்ள இடத்தில் ஆன்-கிரிட் சோலார், அதாவது ஏற்கெனவே ஓடும் மின்சாரத்தோடு சேர்ந்து ஓடும் சோலார், டீசலை நன்றாக மிச்சம் பிடிக்கும். உங்கள் லோடு ராத்திரியில். மேலும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக வோல்டேஜ் உண்டாக்காது. ஜெனரேட்டர் ஓடினால்தான் அது வேலை செய்யும். வெயில் உச்சியில் இருக்கும்போது லோடு குறைந்தால் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாயும். அதைத் தடுக்கத் தனி கன்ட்ரோலர் வேண்டும். வெயில் காயும்போது டீசல் எரித்துக்கொண்டிருக்க உங்களுக்கு என்ன அவசியம்?

இரண்டாமவர் பேச்சைக் கேட்டால், ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் மூடிக்கிடந்தாலும் தாங்குகிற பேட்டரி வாங்க வேண்டும். வருடத்தில் சில நாளுக்காக மூன்று மடங்கு பணம். அந்தச் சில நாளுக்குத்தான் ஜெனரேட்டர் கையில் இருக்கிறதே.

இப்போது அளவுகள். வீட்டுக்கு 9 வாட் பல்பு ஐந்து, சிக்கன ஃபேன் ஒன்று, டிவி, செல்போன் சார்ஜ் என்றால் நாளைக்கு முக்கால் யூனிட். 40 வீட்டுக்கு 30 யூனிட். குடிதண்ணீர் மோட்டார் 3 எச்பி, மூன்று மணி நேரத்துக்கு 9 யூனிட். தெருவிளக்கு 3. ராகி அரைக்க மாவு மில் ஒரு மணி நேரம், 4 அல்லது 5. மொத்தம் 46, 47 யூனிட் என்று வையுங்கள். நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், பேட்டரி வழியாகப் போய்வரும் நஷ்டம் கழித்தால் மூன்றரை. ஆக 540 வாட் பேனல் 28, அதாவது 15 கிலோவாட் போதும். நிழல் விழாத 4 சென்ட் இடத்தில், தெற்குப் பார்த்து, 12 டிகிரி சாய்வில் அடங்கிவிடும்.

ராத்திரித் தேவை 25 யூனிட் வரும். 51.2 வோல்ட், 700 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 35 யூனிட் கொள்ளும். பேட்டரியை அடிமட்டம் வரை வற்றவிடக் கூடாது என்பதால் அந்த அளவு சரியாக இருக்கும். பேனல், பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றையும் சேர்த்து ஆளும் 15 கேவிஏ த்ரீ ஃபேஸ் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போதும். மோட்டாரையும் மில்லையும் பகல் 10 மணிக்கு மேல்தான் போட வேண்டும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. மோட்டார் எடுக்கும்போது ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுத்து இன்வெர்ட்டரை ட்ரிப் செய்துவிடும், அதனால் மோட்டாரை மெல்ல வேகமெடுக்க வைக்கும் விஎஃப்டி கருவி வைத்தே ஓட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பேட்டரி 25 சதவீதத்துக்கு இறங்கினால் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகி, ஊர் லோடும் சார்ஜும் சேர்த்து 9 கிலோவாட்டில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடி, நிற்க வேண்டும். அந்த 9 கிலோவாட் வரம்பை இன்வெர்ட்டரில் செட் செய்து காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

உங்களைப் போலவே வெளிக் கம்பி இல்லாதது ஸ்காட்லாந்தின் எய்க் தீவு. 2008 முதல் நீர், காற்று, வெயில், பேட்டரி, அவசரத்துக்கு டீசல் என்று சொந்தமாக நடத்துகிறார்கள். வீட்டுக்கு 5 கிலோவாட், கடை கண்ணிக்கு 10 கிலோவாட் என்று எல்லோருக்கும் ஒரே வரம்பு. சின்ன மின்நிலையம் தாக்குப்பிடிப்பது இதில்தான் இருக்கிறது. உங்கள் ஊருக்கு வீட்டுக்கு 1 கிலோவாட், நாளைக்கு 1 யூனிட் என்று ப்ரீபெய்டு மீட்டர் வையுங்கள். மிக்ஸி ஓடும். இண்டக்‌ஷன் அடுப்பும் ஹீட்டரும் கூடாது. தலைவர் வீடானாலும் கூடாது. ஒரு வீட்டுக்கு விலக்குக் கொடுத்தால் மறுமாதம் பத்து வீடு கேட்கும்.

நிலத்துக்கு வழி உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, அரசு நிர்வகிக்கும் மரபுசாரா எரிசக்தி வசதிக்கு 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர இடமளிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். தீர்மானத்தை இப்போதே போட்டு வையுங்கள். யானைத் தடத்தில் மட்டும் பேனல் வேண்டாம்.

டீசலுக்கு இன்று மாதம் 21,600 ரூபாய், வீட்டுக்கு 540 கொடுக்கிறீர்கள். சோலார் வந்ததும் அந்த மாதப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்ட ஊர்களில் பேட்டரி போனதோடு விளக்கும் போய்விடுகிறது. கொட்டேஷனில் பேட்டரி விலையைத் தனியாக எழுதி வாங்கி, பேட்டரி பத்து வருடம் வரும் என்று வைத்து 120 மாதத்தால் வகுத்து, வரும் தொகையை முதல் மாதத்திலிருந்தே ஊர்ப் பேரில் வங்கியில் கட்டுங்கள்.

ஆர்டர் கொடுக்குமுன் ஒரு வாரம், ஜெனரேட்டர் பேனலில் ஆம்பியரை அரை மணிக்கு ஒருதரம் பள்ளிப் பிள்ளைகளை விட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் மேலே போட்டது உத்தேசக் கணக்கு. அந்த நோட்டில் வேறு எண் வந்தால் அதை வைத்தே பேட்டரி வாங்குங்கள்.