கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துகொண்டே இருந்ததால் பைக்கின் கார்புரேட்டரை நானே கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்து, ரிப்பேர் கிட் ஒன்றும் வாங்கிப் போட்டு மாட்டினேன். இப்போது ஸ்டார்டே ஆகவில்லை. செல்ஃப் போட்டால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, கிக்கரும் அடித்துப் பார்த்துவிட்டேன். எப்போதாவது 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி கழற்ற வேண்டுமா, இல்லை புது கார்புரேட்டரே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். மொக்கையாகவாவது ஓடிக்கொண்டிருந்த வண்டி, நீங்கள் கை வைத்த பிறகு ஓடவே இல்லை என்றால், அந்த ஒரு நாளில் பிஸ்டனும் வால்வும் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் தொட்ட இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் ஒன்று, நீங்கள் தொட்டது கார்புரேட்டரை மட்டும் இல்லை. அதை வெளியே எடுக்க பெட்ரோல் டியூபைப் பிடுங்கியிருப்பீர்கள், ஏர் ஃபில்டர் பாக்ஸைத் தளர்த்தியிருப்பீர்கள், பல வண்டிகளில் டேங்கையே தூக்கியிருப்பீர்கள், போகிற போக்கில் பிளக் வயரையும் ஒரு ஒயர் கனெக்டரையும் இழுத்துவிட்டிருக்கலாம். அதனால் எது என்று தெரிந்துகொள்ளாமல் மறுபடி கார்புரேட்டரைப் பிரித்தால், இருக்கும் தப்போடு இன்னொரு தப்பும் சேர்ந்துகொள்ளும்.

கில் ஸ்விட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் ஏறியிருக்கிறதா, வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இதில் கோட்டைவிட்டுவிட்டு நாள் முழுக்க கார்புரேட்டரோடு மல்லுக்கட்டியவர்கள் நிறைய.

அப்புறம் சோக் போட்டு ஏழெட்டு கிக் அடித்துவிட்டு, உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதன் நுனியிலேயே இருக்கும். நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் போகவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் போகிறது, ஆனால் எரியவில்லை. இந்த ரெண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

முதலில் காய்ந்த பிளக். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம், அதாவது பவுல் இருக்கிறதே, அதன் கீழே ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும். அடியில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, அந்த ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பவுலில் இருந்தது வடிந்த பிறகும் பெட்ரோல் விடாமல் ஒழுக வேண்டும். ஒழுகினால் டேங்கிலிருந்து பவுல் வரை வழி சரி. கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், அல்லது வரவே இல்லையென்றால், பின்னோக்கிப் போங்கள்: டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, நடுவில் ஃபில்டர் இருந்தால் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து இருக்கிறதா, டேங்க் மூடியைத் திறந்துவைத்தால் ஓட்டம் கூடுகிறதா (கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது). டம்ளரில் பிடித்த பெட்ரோலைக் கொட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள், அடியில் முத்து முத்தாக ஏதாவது தனியாக உருண்டால் அது தண்ணீர். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். சீக்கிரம் ஆவியாகிற பகுதி போய்விட்ட பெட்ரோல் குளிர்ந்த இன்ஜினில் லேசில் பற்றாது.

இங்கே பலரும் ஏமாறுவது வேக்கம் டேப்பில். சில வண்டிகளின் டேப்பில் ஆஃப் என்ற நிலையே இருக்காது, பெட்ரோல் டியூபோடு இன்னொரு மெல்லிய டியூபும் இன்டேக் பக்கம் போகும். இன்ஜின் சுற்றும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் அந்த டேப் திறக்கும். கார்புரேட்டரை மாட்டும்போது அந்த மெல்லிய டியூபைப் போட மறந்தால் ரெண்டு கேடு: பெட்ரோலும் வராது, டியூப் இல்லாத ஓட்டை வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும். அந்த டேப்பில் 'பிரைம்' நிலை இருந்தால், பவுல் நிரம்பும் வரை அதில் வைத்துவிட்டு மறுபடி ஆனுக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் கழற்றி மாட்டிய பவுல் காலியாகத்தான் இருக்கும். மெல்லிய டியூபைக் கழற்றிப் பார்க்கும்போது அதற்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, டேப்பை மாற்றியாக வேண்டும்.

டேப் வரை எல்லாம் சரி, பவுலுக்குள் மட்டும் பெட்ரோல் இறங்கவில்லை என்றால் ஃப்ளோட் நீடில் (பவுல் நிரம்பியதும், மிதவையான ஃப்ளோட் மேலே தள்ளிப் பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசி) மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பவுலின் பக்கவாட்டில் லேசாக ரெண்டு தட்டு தட்டுங்கள். அதற்கே விடுபட்டுப் பெட்ரோல் ஓட ஆரம்பித்தால், கிட்டில் வந்த புது நீடில் அந்த இடத்துக்குச் சரியாக உட்காரவில்லை, அல்லது நீடிலின் சின்னக் கம்பிக் கொக்கியை ஃப்ளோட்டின் நாக்கில் மாட்டாமல் விட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பவுலில் பெட்ரோல் நிற்கிறது, ஆனாலும் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால்? என் சந்தேகம் முழுக்க பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும், பொடித் துளையுள்ள பித்தளைத் திருகு) மேல்தான். உங்கள் பழைய புகாரே ஐடிலிங் நிற்கவில்லை என்பதுதானே, அதற்கும் முதல் குற்றவாளி அதுவே. ஸ்டார்ட் ஆகும் நேரத்திலும் ஐடிலிங்கிலும், முறுக்கி ஓட்டும்போது பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட்டுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. சோக் வழியும் பைலட் வழியும்தான் பெட்ரோல் கொடுக்கின்றன. ஆனால் பவுலைத் திறந்ததும் கண்ணில் படுவது மெயின் ஜெட், கழற்றச் சுலபமானதும் அதுதான், ஆகவே எல்லோரும் அதைப் பளபளவென்று ஆக்கிவிட்டுத் திருப்தியாக மூடிவிடுகிறார்கள். பைலட் ஜெட் பக்கத்திலேயே ஒரு குழிக்குள் ஒளிந்திருக்கும், அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிகிற மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் போதாது, அரைகுறையாக அடைத்த துளையும் அப்படித்தான் தெரியும். ஊசியோ பின்னோ விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட் போச்சு. ஊறவைத்து, காற்றடித்து எடுங்கள்.

ஜெட்டைச் சுத்தம் செய்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஜெட் உட்காரும் ஓட்டையிலிருந்து கார்புரேட்டரின் உடம்புக்குள்ளேயே ஒரு குறுகலான வழி போய், இன்ஜின் பக்கம், பட்டர்ஃபிளை அல்லது ஸ்லைடு (ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் காற்று வழியைத் திறக்கும் தகடு அல்லது உருளை) ஓரத்தில் பொடிப்பொடித் துளைகளாக வெளியே வருகிறது. ஜெட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கிளீனரின் மெல்லிய குழாயை வைத்து அடித்தால் அந்தத் துளைகளில் பீச்சிக்கொண்டு வர வேண்டும் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளையிலிருந்து கண்ணுக்கு வரும் என்று சொல்ல முடியாது). வரவில்லை என்றால் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் பிரயோஜனமில்லை. சோக்குக்கும் இதே மாதிரி ஒரு தனி வழி உண்டு, பல கார்புரேட்டர்களில் பவுலின் ஓரத்துக் குழியில் ஒரு சின்னக் குழாய் முங்கியிருக்கும், அந்தக் குழியின் அடித்துளையில் பச்சையாகப் பாசி மாதிரி கட்டியிருந்தால் குளிர்ந்த இன்ஜின் எழும்பாது.

இன்னொன்று, சோக் போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற பழக்கம். தகடு வைத்துக் காற்றை மறைக்கிற சோக்கில் அதனால் பெரிய பாதகமில்லை. ஆனால் பிளஞ்சர் தூக்கித் தனி வழியில் பெட்ரோல் விடுகிற வகையில், த்ராட்டில் மூடியிருந்தால்தான் அந்த வழியில் உறிஞ்சல் கிடைக்கும். முறுக்கினால் சோக்கே போடாத மாதிரி.

இனி நனைந்த பிளக். இதில் முதல் வேலை வெள்ளத்தை வடிப்பது. டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு கிக் அடியுங்கள். பல சமயம் இதிலேயே இருமிக்கொண்டு பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆஃப் செய்துவிட்டு கிக் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகை மாதிரி பீறிட்டு வரும், பக்கத்தில் நெருப்பு, சிகரெட், தொங்கிக்கொண்டிருக்கும் பிளக்கின் பொறி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: கிக்கர் திடீரென்று கல் மாதிரி நின்றுவிட்டால் அழுத்தி மிதிக்கவோ செல்ஃப் போடவோ வேண்டாம். சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

வடித்து உலர்ந்த பிளக் போட்டும் மறுபடி நனைந்தால் பவுலில் அளவு அதிகம். ட்ரெயின் வாயில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு டியூபை மாட்டி, அதை மேல்நோக்கிக் கார்புரேட்டரை ஒட்டிப் பிடித்து, ஸ்க்ரூவைத் திறந்தால் உள்ளே இருக்கும் மட்டம் டியூபில் தெரியும். சரியான மட்டம் மேனுவலில் இருக்கும். பவுலும் உடம்பும் சேரும் கோட்டையே தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் ஃப்ளோட் உயரம் தப்பு, அல்லது நீடில் அடைக்கவில்லை, அல்லது ஃப்ளோட்டே ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் குடித்திருக்கிறது. காதருகே ஆட்டினால் தளும்பும் சத்தம் கேட்கும்.

மட்டமும் சரி என்றால் கரண்டைப் பாருங்கள். பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பை இன்ஜினின் வெறும் உலோகத்தில், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி அழுத்திவைத்துச் சுற்றினால், நீலமாக 'சட் சட்' என்று பொறி விழ வேண்டும். மங்கலான ஆரஞ்சுப் பொறி வெளியே தெரிந்தாலும் சிலிண்டருக்குள்ளே, அழுத்தத்தில், நின்றுவிடும். பெட்ரோலில் பலமுறை முங்கிய பிளக் சில நேரம் துடைத்தாலும் தேறாது, அதனால் ஒரு புதுப் பிளக் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. இவ்வளவு நேரம் செல்ஃப் போட்டதில் பேட்டரியும் இறங்கியிருக்கும், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் போடும்போது 10-க்குக் கீழே விழுந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

அந்த 'டப்' சத்தத்தை விட்டுவிட்டேனே. அது எங்கிருந்து வருகிறது என்று காது கொடுங்கள். கார்புரேட்டர் பக்கமிருந்து வந்தால் பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். சைலன்ஸரில் வெடித்தால் உள்ளே எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது, பொறியைச் சந்தேகப்படலாம். காற்று அதிகம் என்றால் ஒன்று பைலட் வழி, அதைத்தான் மேலே பார்த்தோம், இல்லையென்றால் எங்கேயோ ஏர் பிடிக்கிறது. இன்டேக் ரப்பரை விரலால் வளைத்து வெடிப்பு தெரிகிறதா பாருங்கள், கிளாம்ப் ரப்பரின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் போட்டு மாட்டுகிற வகையில் கார்புரேட்டர் முகத்தின் ஓ-ரிங் பள்ளத்தைவிட்டு நழுவி நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியே ஏர் ஃபில்டர் பக்கமும் ஒரு பார்வை, தூசி விழாமல் இருக்க அடைத்த துணி அங்கேயே இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கையால் திருப்பிப் போட்டிருக்கக்கூடிய ரெண்டு பொருள்கள். கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்குகிற கார்புரேட்டர் என்றால், ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் உள்ளே இருக்கும் பின்னில் விழ வேண்டும். திருப்பிச் செருகினால் ஸ்லைடு முழுக்க இறங்காது, உறிஞ்சலும் உண்டாகாது. அடுத்தது மிக்சர் ஸ்க்ரூ, அதாவது ஐடிலிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அதன் வரிசை ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், வாஷர், கடைசியில் குட்டி ஓ-ரிங். அந்தப் பழைய ஓ-ரிங் பெரும்பாலும் ஸ்க்ரூவோடு வெளியே வராமல் ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் கிட்டின் புது ரிங்கையும் போட்டால் ஸ்க்ரூ இருக்க வேண்டிய ஆழத்துக்குப் போகாது. மெதுவாக முட்டும் வரை திருகி, அங்கிருந்து ரெண்டு சுற்று வெளியே எடுங்கள், ஸ்டார்ட் ஆவதற்கு அது போதும். பிறகு இன்ஜின் சூடானதும் சரிசெய்யலாம்: ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று கூடும்.

கிட்டைப் பற்றி என் அபிப்பிராயம் இது: கேஸ்கட், ஓ-ரிங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள், பித்தளை ஜெட்டுகளை வேண்டாம் என்று தள்ளுங்கள். எண் பொறித்திருந்தாலும் துளை அந்த அளவில் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை, பழைய ஒரிஜினல் ஜெட் அடைப்பு நீங்கினால் இன்னும் பல வருடம் உழைக்கும். தூக்கிப் போடாமல் இருந்தால் பழைய பைலட் ஜெட்டையும் நீடிலையும் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். புது கார்புரேட்டர் வாங்குவதெல்லாம் உடம்பே விரிசல் விட்டிருந்தாலோ, ஸ்லைடு தேய்ந்து ஆடினாலோ யோசிக்க வேண்டியது.

ஸ்டார்ட் ஆனதும் உடனே ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். பிளக் நனைந்த கேஸ் என்றால், பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கியிருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) எடுத்துப் பாருங்கள்: மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஆயில் தண்ணியாகப் பெட்ரோல் வாசனை அடித்தாலோ, ஆயிலை மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.