கேளுங்க, சொல்றேன்: ரெண்டு பழைய கம்ப்யூட்டர்ல ஒண்ணு தேறுமா?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்கிறோம். புள்ளைங்களுக்குத் தமிழ்ல டைப் அடிக்க சொல்லித்தரணும்னு கேட்டதுல ரெண்டு பேரு வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தாங்க. ஒண்ணு கோர் டூ டுவோ ப்ராசசர் போட்டது, ஓடுது, ஆனா ஆமை வேகம். இன்னொண்ணு ஐ3 ரெண்டாவது ஜெனரேஷன், ராமும் இல்ல ஹார்டு டிஸ்கும் இல்ல, பட்டனை அமுக்கினா மூச்சே இல்ல. பழசோட ராமைக் கழட்டி இதுல போட்டா ஓடுமா? (ஒரு வாசகர், பெகு, பர்மா)

பதில்: தம்பி, அந்த ராமைக் கழட்டுறதுக்கு முன்னாடி எழுதிக் கேட்டீங்களே, ரொம்ப நல்லதாப் போச்சு. கோர் டூ டுவோ போர்டுல பெரும்பாலும் டிடிஆர்2 ராம்தான் இருக்கும், உங்க ஐ3க்கு வேண்டியது டிடிஆர்3. ரெண்டுக்கும் 240 பின், ரெண்டும் ஒரே நீளம், பக்கத்துல வச்சுப் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா நடுவுல இருக்கிற வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கும், உள்ளே போற வோல்டேஜும் வேற, அது 1.8 வோல்ட், இது 1.5 வோல்ட். இறங்கலைன்னு அழுத்தினீங்கன்னா ஸ்லாட் உடைஞ்சிடும். அதனால 4 ஜிபி டிடிஆர்3 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிடுங்க, காசு செலவு பண்ண வேண்டியது அது ஒண்ணுதான்.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஐ3 போர்டுக்கு உயிர் இருக்கான்னு பார்க்கணும். எனக்கு என்னமோ இருக்கும்னுதான் தோணுது. நம்ம ஊர்ல கரெண்ட் போய்ப் போய் வரும், 'மீ லாபீ' (கரெண்ட் வந்துடுச்சு)ன்னு தெருவே கத்துற அந்த நேரத்துல வோல்டேஜ் குபீர்னு ஏறும், அதுல முதல்ல அடி வாங்குறது கம்ப்யூட்டருக்குக் கரெண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்தான், போர்டு பல தடவை தப்பிச்சிடும். கோர் டூ டுவோ ஓடுதுன்னா அதோட எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்குன்னு அர்த்தம், அதைக் கழட்டி இதுக்கு மாட்டுங்க. 24 பின் பெரிய பிளக் ஒண்ணு, அப்புறம் ப்ராசசர் பக்கத்துல 4 பின் சின்ன பிளக் ஒண்ணு, இந்தச் சின்னதை நிறைய பேரு மறந்துடுறாங்க, ஃபேன் சுத்தும் ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. பழைய கேபினெட்ல கறுப்பு சிவப்பு வயரோட குட்டி ஸ்பீக்கர் இருந்தா அதையும் போர்டுல குத்திட்டு, ராமே போடாம ஆன் பண்ணுங்க. பீப் பீப்னு விடாம கத்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, போர்டு உயிரோட இருக்கு, ராம் எங்கேன்னு கேக்குது.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. எஸ்எம்பிஎஸ் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கரெண்ட் நிக்கும், ஆளை அடிச்சிடும். வெளிய இருந்தே டார்ச் அடிச்சு ஓட்டை வழியா பாருங்க. உள்ள குட்டி டப்பா மாதிரி நிக்கிற கெபாசிட்டரோட தலை தட்டையா இருக்கணும், உப்பியிருந்தா அது வேண்டாம். போன மழைக்காலத்துல நான் அப்படிப் பார்க்காம ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, படிக்கிற பையன் ஒருத்தனோட போர்டு என் கையால போச்சு, இன்னைக்கும் மனசு கேக்கல.

ப்ராசசரை மாத்தலாமான்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பழசோட சாக்கெட் 775, இதோடது 1155, சேரவே சேராது. பின்னெல்லாம் போர்டு சாக்கெட்டுலதான் முடி மாதிரி நிக்கும், விரல் பட்டா வளைஞ்சிடும்.

ஹார்டு டிஸ்க் ரெண்டுலயும் சாட்டா கேபிள்தான்னா அப்படியே மாத்தலாம். மாத்தினதும் நீல ஸ்கிரீன்ல 0x0000007B வந்தா பயப்படாதீங்க, டிஸ்க் கெடல, பயாஸ்ல (விண்டோஸ் கிளம்புறதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) சாட்டா மோடு ஏஹெச்சிஐன்னு இருந்தா ஐடிஇன்னு மாத்திப் பாருங்க, பெரும்பாலும் கிளம்பிடும். கிளம்பினதும் வேண்டிய ஃபைலை பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்கிட்டு, புள்ளைங்க உக்காரப்போற மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுருங்க. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுபோச்சு, விண்டோஸ் 11 இந்த ஐ3யை ஏத்துக்காது. மின்ட்டுக்கு 4 ஜிபி போதும், தமிழ் அடிக்கிற தமிழ்99 கீபோர்டு அமைப்பையும் அதுல சேர்த்துக்கலாம், எங்க புள்ளைங்க அதுலதான் அடிச்சுப் பழகுறாங்க.

மழை ஈரத்துல ராமோட தங்கக் கலர் பட்டை மங்கிப் போயிருக்கும், பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சிட்டுப் போடுங்க. தேதி ஒவ்வொரு தடவையும் பழசா வந்தா போர்டுல காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரி ஒண்ணு மாத்தினா சரியாயிடும்.

கேள்வி: பழைய டிஸ்க்ல இருந்து எடுத்த பர்மா எழுத்து ஃபைலெல்லாம் புது கம்ப்யூட்டர்ல எழுத்து குழம்பிக் கிடக்கு. டிஸ்க் போச்சா? (ஒரு வாசகி, ரங்கூன்)

பதில்: இல்லம்மா, ஃபைல் நல்லாத்தான் இருக்கு. பழசு ஜாஜீங்கிற பர்மா எழுத்து ஃபாண்ட்ல அடிச்சது, 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுங்கிற உலகப் பொது எழுத்து முறைக்கு மாறிடுச்சு, புது மெஷின் அதைத்தான் எதிர்பார்க்குது. ஜாஜீல இருந்து யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர் இலவசமாவே கிடைக்குது, முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா மாத்துங்க.