அணில் கடித்த கொய்யா: கேள்வி பதில்

கே: அக்கா, கொய்யா பழுக்கும் முன்பே அணில் கொறித்துவிடுகிறது. மரத்தை மீன் வலையால் மூடலாமா? (தாம்பரம்)

மீன் வலை மட்டும் வேண்டாம் தம்பி. போன ஆனியில் பக்கத்து வீட்டு வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கியது. நைலான் இழை செதிலுக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டி விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சுண்டுவிரல் நுழைகிற கண் உள்ள எந்த வலையும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமர வலையின் கண் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2021 முதல் விதியே இருக்கிறது.

மரத்தை விடுங்கள், காயை மூடுங்கள். எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை கட்டினால் பழ ஈ அண்டாது. அணில் துணியைக் கடிக்கும். அதனால் மேலே ஜன்னல் கம்பி வலைத் துண்டைக் கூடு மாதிரிச் சுருட்டி மாட்டுங்கள். கட்டுவது கிளையில், காம்பில் அல்ல. காம்பில் கட்டினால் ஒரு காற்றுக்குக் காய் கீழே கிடக்கும்.

கே: சப்போட்டா ஒன்றுகூட மரத்தில் பழுக்கக் கிடைப்பதில்லை.

பழுக்கவே விடாதீர்கள். தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் இன்னும் விளையவில்லை. மஞ்சள் தெரிந்தால் பறித்து அரிசிப் பானையில் போடுங்கள். சீத்தாவும் அப்படித்தான்: கண்களுக்கு நடுவில் பள்ளம் வெளுத்து அகன்றதும் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அணில் முந்திக்கொள்ளும்.

கே: குரங்குக்கு என்ன வழி?

வனத்துறையிடம் சொல்லுங்கள். என் கைவைத்தியம் எதுவும் பலிக்கவில்லை.

கே: அணில் கடித்த பழம்தான் இனிப்பு என்பாளே என் பாட்டி?

அணில் வாயில் சர்க்கரையா இருக்கிறது? கனிந்ததை மோந்து பார்த்துக் கடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சாப்பிடாதீர்கள். மரத்தடியில் காய்ந்த சக்கை உருண்டைகள் கிடந்தால் இரவில் வௌவாலும் வருகிறது என்று அர்த்தம். எந்தப் பழத்தை யார் கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. 2018இல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸின் இருப்பிடமே பழந்தின்னி வௌவால்கள்தான்.

கே: கடித்த பக்கத்தை வெட்டிவிட்டு ஐம்பது வருஷமாகத் தின்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே! (நாகர்கோவில்)

அண்ணா, ஒன்றும் ஆகாதவர்கள்தானே வந்து சொல்ல முடியும்! நோய் அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு கொய்யாவுக்குப் பந்தயமா?

கே: அப்போ வெடி போட்டு வௌவாலை விரட்டிவிடலாமா?

நான் சொன்னது பழத்தை, வௌவாலை அல்ல. இலுப்பையின் மகரந்தத்தைச் சுமப்பதும் விதையைப் பரப்புவதும் அதுதான். பழத்தை மூடினால் போதும்.

கே: வீட்டில் பழைய மீன் வலை இருக்கிறது, மாமரத்துக்கு...

முதல் பதில்.

கே: கண் 2 அங்குலம் உள்ள பறவை வலை பரவாயில்லையா?

முதல் பதில். தயவுசெய்து.

கே: அணில் தொடாத கொய்யாவிலும் புழு!

பழ ஈ. மீதைல் யூஜினால் (ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) வைத்த பொறியில் ஆண் ஈ மட்டும்தான் விழும், அதை மட்டும் நம்ப முடியாது. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். பாலித்தீன் கவரில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். நாகர்கோவில் அண்ணனின் பாதிக் கொய்யாவும் அதே கவருக்குத்தான்.