ஐந்து சென்டிமீட்டர் அருவி

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. பழைய மின்விசிறி இறக்கையை அதில் இறக்கி டைனமோ மாட்டினால் வீட்டுக்கு கரண்ட் கிடைக்குமா?

பதில்: முப்பது வருடம் நீர்மின் நிலையத்தில் டர்பைன் (தண்ணீர் தள்ளிச் சுழலும் சக்கரம்) பக்கத்தில் நின்றவன் என்பதால், மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார். முதலில் ஓர் இலையைத் தண்ணீரில் போடுங்கள். பத்து மீட்டரைப் பத்து விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு 1 மீட்டர். பார்வைக்கு நல்ல ஓட்டம்தான். ஆனால் தண்ணீருக்கு அந்த வேகம் வர 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே போதும். உங்களிடம் இருப்பது 5 சென்டிமீட்டர் அருவி, அவ்வளவே.

அந்த வேகத்தில், இறக்கை சுற்றும் ஒரு சதுர மீட்டர் வட்டத்துக்குள் நுழையும் ஆற்றல் 500 வாட். திறந்த ஓட்டத்தில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க வழியில்லை என்று ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். 150 வாட் கைக்கு வந்தால் நீங்கள் கெட்டிக்காரர். அந்த வட்டம் மூழ்க இடுப்புக்கு மேல் ஆழமும் வேண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. பாதியானால் 500 வாட் 62 ஆகிவிடும்.

நானும் பட்டவன்தான். தகரத் தகடு வைத்துச் சக்கரம் செய்து, 6 வோல்ட், 3 வாட் சைக்கிள் டைனமோவைச் சாய்த்தேன். வெறுமனே ஜோராகச் சுற்றிய சக்கரத்தின் ஈர விளிம்பில் டைனமோ உருளை வழுக்கியது. விளிம்பில் ரப்பர் சுற்றினேன், சக்கரமே நின்றுபோனது. தகடுகளை அகலமாக்கிய பிறகு பல்ப் இழை லேசாகச் சிவந்தது. அதற்குள் பாசி வந்து அச்சில் சுற்றிக்கொண்டது.

சரிவு இருந்தால் கதையே வேறு. விநாடிக்கு 10 லிட்டர் தண்ணீரைக் குழாய் வழியாக 20 மீட்டர் இறக்கினால் கணக்குப்படி 1,960 வாட். பாதி வீணானாலும் ஒரு நாளைக்கு 23 யூனிட். உயரம் நிறைய, தண்ணீர் கொஞ்சம் என்றால் பெல்டன் சக்கரம்தான். லெஸ்டர் பெல்டன் 1880-இல் காப்புரிமை பெற்றது. ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் கத்தி மாதிரி ஒரு வரப்பு இருக்கும். பீய்ச்சும் தண்ணீரை அது இரண்டாகப் பிளந்து, வந்த பக்கமே திருப்பி அனுப்பும். கிண்ணமும் முன்னால் ஓடுவதால், அதை விட்டு விழும்போது தண்ணீரில் வேகம் அநேகமாக மிஞ்சாது. அதைப் பார்த்துக்கொண்டே ஷிஃப்ட் முழுக்க நின்றிருக்கிறேன்.

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சின்ன டர்பைன் வைத்தால்?

பதில்: 1,000 லிட்டர் 10 மீட்டர் இறங்கினால், ஒரு சொட்டு ஆற்றலும் வீணாகாமல், 27 வாட்-மணி. 9 வாட் எல்இடி மூன்று மணி நேரம் எரியும். அதே தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் அதைவிட அதிகம் தின்றிருக்கும். வேண்டாம்.

கேள்வி: கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடும் என்கிறாரே என் மாமனார்?

பதில்: சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, டைனமோவைச் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பல்ப் ஒயரைக் கழற்றினால் பெடல் இலகுவாகும், மாட்டினால் கனக்கும். டர்பைனில் அந்தக் கனத்தைத் தள்ளுவதில் தண்ணீர் இழப்பது அழுத்தத்தையும் வேகத்தையும்தான். உப்பும் தாதுவும் அப்படியே இருக்கும். டர்பைன் தாண்டி வந்த தண்ணீரைக் காய்ச்சித்தான் நாங்கள் முப்பது வருடமும் குடித்தோம். அவருக்கு என் வணக்கம்.