கம்ப்யூட்டர் தயாரிப்பை நம்பி மகளை இ.சி.இ.யில் சேர்க்கலாமா?

ஐயா, மகள் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) கேட்கிறாள், நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறீர்கள். "கம்ப்யூட்டர் செய்த நம் கம்பெனிகளே கடையைக் கட்டிவிட்டார்களே" என்று நீங்கள் கேட்டது நியாயமான பயம். அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று பார்த்தால், மகள் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஹைதராபாத்தில் அரசு நிறுவனமான இ.சி.ஐ.எல். 1970-களிலேயே டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரைச் செய்தது. 1978-ல் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனதும், அந்த இடத்தில் நம் கம்பெனிகளான எச்.சி.எல்., விப்ரோ வளர்ந்தன. எச்.சி.எல்.லைத் தொடங்கிய ஷிவ் நாடார் கோவை பி.எஸ்.ஜி.யில் படித்தவர். இறக்குமதி வரி அதிகமாக இருந்தவரை உள்நாட்டு மெஷின் விலைபோனது. ஆனால் பிராசஸர் போன்ற முக்கிய பாகங்கள் வெளியிலிருந்துதான் வந்தன. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005-க்குள் கம்ப்யூட்டருக்குச் சுங்க வரியே இல்லாமல் போனது. பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டுவதைவிட, சீனாவில் பூட்டியதை அப்படியே இறக்குவது மலிவாகிவிட்டது. 2013-ல் விப்ரோவும் எச்.சி.எல்.லும் பி.சி. தயாரிப்பைக் கைவிட முடிவெடுத்தன.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க சிப் கம்பெனியான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் தொடங்கிய சிப் டிசைன் மையம் இன்றும் நடக்கிறது. பூட்டும் வேலை வரியோடு வந்தது, வரியோடு போனது. வடிவமைக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் மறுபடி நல்ல சுறுசுறுப்பு. லேப்டாப், சர்வர் தயாரிப்புக்கு மத்திய அரசு 2023-ல் 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்தத் திட்டம் ஆறு ஆண்டுக்கு. உங்கள் மகள் முப்பது, முப்பத்தைந்து வருஷம் வேலை பார்க்க வேண்டும்.

அதனால் இ.சி.இ. எடுக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். மூன்றாம் வருஷத்திலிருந்து வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) அல்லது எம்பெடெட் (கருவிகளுக்குள் இருந்து அவற்றை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்கள்) பக்கம் போகட்டும். சி என்ற புரோகிராமிங் மொழி கையோடு இருக்கட்டும். சாஃப்ட்வேர் வேலைக்குப் போக நேர்ந்தாலும் அது உதவும். விடுமுறையில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் ஒரு மாதம் நின்று பார்த்தால் இன்னும் நல்லது.

அப்புறம், கல்லூரி பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் பலகையோடு திரும்பிவிடாதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் தாங்களே வரைந்து, சால்டர் செய்து, ஓடவைத்த சர்க்யூட் போர்டு ஒன்றைக் கேளுங்கள். எடுத்துக் காட்டினால் அந்தக் கல்லூரியை உங்கள் பட்டியலில் மேலே எழுதுங்கள்.