ஏசிக்குத் தனியாக பிடியூ (BTU) மீட்டர் வைத்து பில் போடுகிறார்களே, அது எதை அளக்கிறது? நம்பலாமா?

ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் தாராளமாக நம்பலாம். இந்த மீட்டர்களைப் பொருத்துவதும் பராமரிப்பதும்தான் என் வேலை.

தண்ணீரைக் குளிரவைக்கும் ஒரே பெரிய இயந்திரத்திலிருந்து, அதாவது ஒரே சில்லரிலிருந்து, பல ஆபீஸ்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் போகும் கட்டடங்களில்தான் இது இருக்கும். உங்கள் பக்கம் வரும் தண்ணீர் ஏறக்குறைய 7 டிகிரி. அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பும். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவை ஒரு ஃப்ளோ மீட்டர் பார்க்கும். போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு சென்சார்கள் வெப்பநிலையைப் பார்க்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் 1.16 யூனிட் (கிலோவாட் மணி) சூடு. மணிக்கு 10 கன மீட்டர் ஓடி, 5 டிகிரி ஏறினால் 58 யூனிட், அதாவது சுமார் 16.5 டன் ஏசி.

இதை ஈபி யூனிட்டோடு ஒப்பிட்டுப் பதறாதீர்கள். இது தண்ணீர் வாங்கிச் சென்ற சூட்டின் கணக்கு. நல்ல வாட்டர் கூல்டு சில்லர் ஒரு யூனிட் மின்சாரத்தில் நாலைந்து யூனிட் சூட்டை வெளியேற்றிவிடும். அதனால் இதன் யூனிட் விலை ஈபி விலையைவிட நன்றாகவே குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பம்பு, கூலிங் டவர், பராமரிப்புச் செலவெல்லாம் அதில் சேர்ந்திருக்கலாம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் சென்சாரில்தான். மொத்த வித்தியாசமே 5 டிகிரி. அதில் அரை டிகிரி பிசகினால் பில்லில் பத்து சதவீதம் போச்சு. சூட்டுக்கேற்ப மின்தடை மாறுவதை வைத்து அளக்கும் பிடி100 வகை சென்சாரில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். இரண்டு ஒயர் சென்சாரில் கேபிள் எட்டவில்லையென்று மூன்று மீட்டர் மெல்லிய ஒயரை ஒட்டுப்போட்டால் 0.2 ஓம் கூடிவிடும், அதுவே அரை டிகிரி. அந்த ஒட்டு திரும்பும் குழாய்ப் பக்கம் இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. சென்சார்கள் ஜோடியாகவே கேலிபரேட் செய்யப்பட்டு, அதாவது அளவு சரிபார்க்கப்பட்டு, வருபவை. ஒன்று பழுதானால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

சந்தேகம் இருந்தால் பராமரிப்பு ஆட்களை வைத்து இரண்டு சென்சாரையும் கழற்றி, ஐஸ் போட்டுக் கலக்கிய ஒரே வாளித் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் டிஸ்ப்ளேயில் இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும். அரை டிகிரி வித்தியாசம் தெரிந்தால் போட்டோ எடுத்து, எழுத்து மூலமாக மறு கேலிபரேஷன் கேளுங்கள்.