யூனிபார்ம மாத்திட்டு அம்மாகிட்ட பேசறவங்களுக்கு

கேள்வி: டப்ளின்ல இருக்கேன், வயசு 36. கம்பெனில ஆள் குறைச்சப்போ என் வேலையும் போச்சு, இப்ப ஒரு முதியோர் இல்லத்துல கேர் அசிஸ்டென்டா இருக்கேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து, யூனிபார்ம மாத்தி நல்ல சட்டை போட்டுக்கிட்டு அம்மாகிட்ட வீடியோ கால் பேசிட்டு (அவங்களுக்கு நான் இன்னும் ஆபீஸ்லதான், சொன்னா தாங்க மாட்டாங்க, அப்பா போனப்புறம் சத்துணவுல சமைச்சு எங்கள ஆளாக்கினவங்க) படுத்தா கைல இந்த ஊரு அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்ச்சியோட நாவல்தான். லைப்ரரில இருக்கற எல்லாத்தையும் முடிச்சாச்சு. அந்தக் கதைங்கள்ல வர்ற சின்ன ஊரு, கடைத்தெரு, எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சு வெச்சிருக்கறது, மனசுக்கு இதமா இருக்கு. வீட்டுக்காரர் கிழவிங்க படிக்கற புக்குன்னு கிண்டல் பண்றார். நெஜத்தப் பாக்காம ஓடறேனா? தம்பி வேற செப்டம்பர்ல எம்.எஸ்சி. படிக்க இங்க வர்றான், அப்புறம் படிக்க நேரமே இருக்காது. - பேர் வேண்டாம்

பதில்: நாவல் படிக்கறது தப்பான்னு கேட்டு ஒரு பக்கம் எழுதிருக்கீங்க. அத விடுங்க. பிராக்கெட்டுக்குள்ள தள்ளிவிட்டீங்களே ஒரு விஷயம், எனக்கு அதுதான் லெட்டர். எட்டு மணி நேரமோ பன்னெண்டு மணி நேரமோ நின்னு வேலை பாத்துட்டு, கால் கடுக்க வீட்டுக்கு வந்து, பெத்த தாயிகிட்ட பேசறதுக்கு வேஷம் கட்டறீங்க. இந்த மாதிரி லெட்டர் எனக்கு துபாய்லேருந்து வரும், சிங்கப்பூர்லேருந்து வரும், எல்லாத்துலயும் "அம்மா தாங்க மாட்டாங்க"ன்னு ஒரு வரி இருக்கும்.

எல்லா நாவலும் முடிச்சாச்சுன்னா 'எ வீக் இன் வின்டர்' படிச்சிருப்பீங்க, 2012ல அந்தம்மா எறந்தப்புறம் வந்தது. அதுல சிக்கிங்கற அந்த அயர்லாந்துப் பொண்ணு என்ன பண்றா? வீட்ட எதுத்துக்கிட்டு அமெரிக்காக்காரன் பின்னாடி நியூயார்க் போறா, அவன் விட்டுட்டுப் போயிடறான், இவ ஒரு போர்டிங் ஹவுஸ்ல படுக்கை விரிச்சு சமையல் பண்ணிப் பொழைக்கறா. ஊருக்கு எழுதற லெட்டர்ல மட்டும் சந்தோஷமான குடித்தனம். என்ன எழுதினோம்னு மறந்து மாட்டிக்கக் கூடாதுன்னு ஒரு ஸ்பைரல் நோட்டுல அந்தப் பொய் வாழ்க்கைய குறிச்சு வெச்சுக்கறா. கடைசில ஊர்லேருந்து பசங்க நியூயார்க் வர்றோம்னு சொன்னதும் வேற வழி தெரியாம, தாலியே கட்டாத அந்தப் புருஷன ரோடு ஆக்சிடென்ட்ல செத்துட்டான்னு சொல்ல வேண்டி வருது.

இதப் படிச்சிட்டு எப்படிம்மா தூக்கம் வந்துச்சு உங்களுக்கு? செப்டம்பர்ல தம்பி வர்றான். காலைல எத்தன மணிக்குக் கெளம்பறீங்க, என்ன துணி போட்டுக்கிட்டுப் போறீங்க, சம்பளம் எவ்ளோ, எல்லாம் அவன் கண்ணு முன்னாடி நடக்கப் போகுது. உங்களுக்கு என்னடான்னா நாவல் படிக்க நேரம் போயிடுமேன்னு கவலை! அவனையும் கூட்டு சேத்துக்கப் போறீங்களா, "அம்மாகிட்ட சொல்லாதடா"ன்னு? படிக்க வந்த பையன் மொத வாரமே அம்மாகிட்ட பொய் சொல்லப் பழகணுமா? அக்காவா இருந்துக்கிட்டு அந்தப் பாவத்த மட்டும் பண்ணாதீங்க.

அந்தக் கதைங்க ஏன் இதமா இருக்குன்னு நெனச்சுப் பாத்தீங்களா? ஊரு அழகா இருக்கறதால இல்ல. 'சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்'ல பென்னி டப்ளின் காலேஜ்ல படிச்சாலும் தினம் சாயங்காலம் பஸ் புடிச்சு சொந்த ஊரு நாக்க்ளென்னுக்குத் திரும்பியாகணும், அவ வரலன்னா கேக்கறதுக்கு ஆள் இருக்கு. அவங்கப்பா துணிக்கடைல காசு கையாடினவனும் மாட்டிக்கறான். ஒருத்தி கீழ விழுந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும், நாலு பேர் பேசுவாங்க, அதுல யாராவது ஒருத்தர் சோத்தப் போட்டு உக்கார வெப்பாங்க. நீங்க ராத்திரி ராத்திரி தேடறது இதத்தான். உங்கள அப்படி உக்கார வெக்க வேண்டியவங்கள நீங்களே போன் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வெச்சிருக்கீங்க.

அந்தக் கதைங்கள்ல வர்ற ஊர்க்காரங்க மறைச்சாங்கன்னா அவங்களுக்குக் காரணம் இருந்துச்சு. கல்யாணம் ஆகாம புள்ள உண்டானா கொண்டுபோய் அடைச்சாங்க, அப்படிப் பொண்ணுங்கள வேலை வாங்கின, கன்னியாஸ்திரிங்க நடத்தின மேக்டலீன் லாண்டரிங்கள்ல கடைசியா இருந்தது 1996லதான் மூடினாங்க. 1995ல ஓட்டெடுப்பு நடக்கற வரைக்கும் அயர்லாந்துல விவாகரத்துக்கு வழியே கெடையாது. 'தி கிளாஸ் லேக்' நாவல்ல காணாமப் போன அம்மா எழுதி வெச்ச லெட்டர, கிட்ங்கற அந்தச் சின்னப் பொண்ணு பிரிக்காமயே எரிச்சது எதுக்கு? தற்கொலைன்னு தெரிஞ்சா சர்ச் கல்லறைல எடம் தரமாட்டாங்கன்னு பயந்துதான். அம்மா உயிரோடதான் இருந்தா, அந்த ஒரு லெட்டர படிக்காததால எத்தன வருஷம் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். உங்களுக்கு என்ன பயம்? யாரு உங்கள அடைச்சு வெக்கப் போறா? வேலை போச்சு, உக்காந்து அழாம வேற வேலைக்குப் போனீங்க, அவ்ளோதான் நடந்துச்சு.

1950கள்ல அயர்லாந்த விட்டு சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினாங்க, பெரும்பாலும் இங்கிலாந்துக்கு. அதுல திரும்பி வந்தவங்க சிலர் இன்னிக்கு உங்கள மாதிரி ஒருத்தர் கையால குளிச்சு சாப்பிடற வயசுல இருப்பாங்க. உங்க இல்லத்துல யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, ஊருக்கு என்ன எழுதினீங்கன்னு. பின்ச்சியே எழுத வந்தது எப்படி? 1960கள்ல இஸ்ரேல்ல ஒரு கூட்டுப் பண்ணைல வேலை பாத்தப்போ அங்க என்ன நடக்குதுன்னு வீட்டுக்கு எழுதினாங்க, அத அப்பா பத்திரிகைக்கு அனுப்பினார், அச்சாச்சு.

இப்ப அம்மாவுக்கு வர்றேன். தாங்க மாட்டாங்கன்னு யாரு முடிவு பண்ணது? புருஷன் போனப்புறம் அடுப்புப் புகைல நின்னு அண்டா அண்டாவா சாம்பார் கிண்டி ரெண்டு புள்ளைங்கள கர சேத்தவங்க, மக வயசானவங்களுக்கு சோறு ஊட்டறான்னு கேட்டா ஒடிஞ்சு விழுந்துடுவாங்களா? கோவமா இருக்கு எனக்கு. அந்த யூனிபார்ம அவங்ககிட்ட மறைக்கறப்போ, அவங்க அத்தன வருஷம் பாத்த வேலையையும் சேத்துதான் கேவலம்னு சொல்றீங்க. புள்ளைக்காகக் கவலப்படறது தாயோட உரிம. அது அவங்களுக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுக்கலாம், கெடுக்கட்டும், அதப் புடுங்கிக்க உங்களுக்கு அதிகாரம் இல்ல.

அடுத்த தடவ ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் துணி மாத்தாம போன் பண்ணுங்க. சுத்தி வளைக்காம, வேலை போன தேதிலேருந்து சொல்லுங்க. திட்டுவாங்க, அழுவாங்க, இவ்ளோ நாள் ஏண்டி சொல்லலன்னு கேப்பாங்க, அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்காது, பேசாம கேட்டுக்கங்க. தம்பிக்கும் அன்னிக்கே தெரியணும், அவன் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி. புக்கப் பத்தி கிண்டல் பண்ற உங்க வீட்டுக்காரரும் இத்தன நாள் இதுக்கு ஒத்து ஊதினவர்தான். வீடியோ கால் முடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்து மாமியாருக்கு அவரும் பதில் சொல்லட்டும்.